இசிஇ முடித்தாயிற்று, திருச்சிப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரிங் எங்கே படிப்பது?

திருவெறும்பூர்_தம்பி:

வணக்கம். போன மே மாதம் பி.இ. இசிஇ முடித்தேன், அரியர் எதுவும் பாக்கி இல்லை. அப்பா பாய்லர் பிளான்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையில் ஒரு ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு, சேரும் தேதியை மூன்றாவது முறையாகத் தள்ளிப் போட்டிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் கவலை, எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி.

ஏனென்றால் எனக்கு ஆசை எல்லாம் சவுண்டில்தான். கல்லூரியில் மூன்று வருடம் கல்சுரல்ஸுக்கு மிக்ஸர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தவன் நான். வாடகைக்கு வந்த சவுண்டுக்கார அண்ணன் ஒருநாள் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார், மேடையில் ஒரு பெண் பாட ஏறிவிட்டாள், வேறு வழியில்லாமல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை நான்தான் பிடித்தேன். மைக் ஊளையிடாமல் பாட்டு முடிந்தது. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது வீட்டில் ஒரு பழைய லேப்டாப், ரீப்பர் என்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர், ஒரு ஹெட்போன், இதை வைத்துத்தான் ஏதோ உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது, இந்த வருடம் முழுக்க நான் ஊரைவிட்டு நகர முடியாது. டிகிரி முடித்தவன் சேருகிற மாதிரி திருச்சி, தஞ்சாவூர் பக்கம் உருப்படியான ஆடியோ படிப்பு ஏதாவது உண்டா? ஊருக்குள்ளேயே ஒரு இடத்தில் போய்க் கேட்டேன். ஒரு வருட டிப்ளமோ, 2,80,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முடித்தால் வெளிநாட்டுச் சான்றிதழ், நூறு சதவீதம் வேலை, திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்தான் சீட் என்கிறார்கள். அப்பா பிஎஃப் பணத்தை எடுக்கட்டுமா என்று கேட்கிறார், எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

லால்குடி_ஒலிபெருக்கி:

தம்பி, முதலில் அந்தத் திங்கட்கிழமையை மறந்துவிடுங்கள். சீட் எங்கேயும் ஓடிப்போகாது, நீங்கள் செவ்வாய்க்கிழமை போனாலும் வாசலில் நின்று வரவேற்பார்கள்.

எங்களுடையது மூன்று தலைமுறை மைக் செட். தாத்தா தென்னை மரத்தில் குழாய் கட்டிய ஆள், அப்பா மரப்பெட்டி ஸ்பீக்கர், நான் இப்போது லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாய்த் தொங்கும் ஸ்பீக்கர்கள்) தொங்கவிடுகிறேன். எனக்கு டிப்ளமோவும் கிடையாது ஒன்றும் கிடையாது, பத்தாவதோடு சரி. அதனால் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் லைவ் சவுண்ட் கற்க இந்தக் காவிரிக் கரையை விட நல்ல இடம் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். ஜனவரி வந்தால் திருவையாறு ஆராதனை, ஆகஸ்ட் 29 கொடியேற்றி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, நடுவில் ஊருக்கு ஊர் தேர், கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், முகூர்த்த நாளில் மெல்லிசைக் கச்சேரி. பஞ்சரத்னம் பாடும்போது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அத்தனை வித்வான்களும் ஒரே நேரத்தில் பாடுவார்கள், இத்தனை வயலின், இத்தனை மிருதங்கம், எல்லாருக்கும் மைக் வைக்கவும் முடியாது, வைக்காமல் விடவும் முடியாது. எந்த மைக்கைத் திறப்பது, எதை மூடுவது என்பதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்?

நீங்கள் இசிஇ என்பதால் ஒன்று சொல்கிறேன், பிடிக்கும். திறந்தவெளியில் கூட்டம் நீளமாக உட்கார்ந்திருந்தால் நடுவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் நிறுத்துவோம். அதை அப்படியே போட்டால் மேடைப் பாட்டும் இந்தப் பாட்டும் எதிரொலி மாதிரி மோதும். மின்சாரம் உடனே வந்துவிடுகிறது, காற்றில் வருகிற சத்தம் மெதுவாக வருகிறது. நம் ஊர் வெயிலுக்குச் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால் 35 மீட்டருக்கு 100 மில்லி செகண்ட். அந்த ஜோடிக்கு அவ்வளவு டிலே, அதாவது தாமதம், போட வேண்டும். நான் இதை மேடையில் ஒருத்தனைக் கை தட்டச் சொல்லிக் காதால் சரிசெய்து பழகினேன், பத்து வருடம் கழித்து ஒரு பையன் வந்து வகுத்துக் காட்டினான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொன்று, மிருதங்கத்துக்கு வலந்தலையில் (வலது பக்கம்) ஒன்று, தொப்பியில் (இடது பக்கம்) ஒன்று என இரண்டு மைக் வைத்துச் சேர்த்துத் திறந்தால் சில நேரம் கும்கி, அந்தத் தொப்பியின் கனத்த நாதம், மெலிந்துபோகும். ஒரு சேனலில் மட்டும் சிக்னலைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அமுக்கிக் கேளுங்கள், எப்படி வைத்தால் கனமாக இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். பாஸ், டிரெபிள் திருத்துகிற ஈக்யூவைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் கேபிள் சுருட்டத்தான் விடுவோம். அதைக் கூட முழங்கையில் சுற்றினால் திட்டு விழும், உள்ளே கம்பி முறுக்கி அறுந்துபோகும். ராத்திரி 2 மணிக்கு லோடு ஏற்ற வேண்டும், முதுகு போகும். ஆடி மாதம் கோயில் வேலை குவியும், முகூர்த்தம் இருக்காது, மழைக்காலத்தில் இரண்டுமே இருக்காது. சினிமா மிக்ஸிங் வேண்டுமென்றால் நான் ஆளில்லை, அது வேறு உலகம்.

இஎம்ஐ_இன்னும்_பாக்கி:

நானும் இதே மாதிரி ஒரு இடத்தில்தான் மாட்டினேன், ஊர் பெயர் வேண்டாம். சுருக்கமாக இரண்டே விஷயம்.

ஒன்று, ஜிஎஸ்டி. சட்டப்படி அங்கீகரித்த தகுதிக்கான பாடத்திட்டத்தை நடத்தும் கல்வி நிறுவனத்தின் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்களிடம் 18 சதவீதம் கேட்கிறார்கள் என்றால் அந்தச் சான்றிதழின் மதிப்பை அவர்கள் பில்லே சொல்லிவிட்டது. 2,80,000க்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 3,30,400 ஆகிறது, அந்த 50,400இல் மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற ஒரு நல்ல இன்டர்ஃபேஸும் மைக்கும் வாங்கிவிடலாம்.

இரண்டு, கடன். கல்விக்கடன் கேட்டுப் போனேன், அங்கீகாரக் கடிதம் கேட்டார்கள். நிறுவனத்தில் கேட்டால் "நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்" என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள், கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது அது தனிநபர் கடன் என்று. வட்டியும் அதிகம், படிப்பு முடியும் வரை தவணை காக்கவும் காக்காது, அடுத்த மாதமே ஆரம்பித்துவிட்டது. "நூறு சதவீதம் வேலை" என்பது எனக்கு ஒரு கல்யாண வீடியோ கடையில் நாலு நாள். அப்பாவின் பிஎஃப்பைத் தொடாதீர்கள், ப்ளீஸ்.

டயலாக்_அக்கா:

சொந்த ஊர் கும்பகோணம், இப்போது சென்னை சாலிகிராமத்தில் சினிமாவுக்கு டயலாக் எடிட்டிங் செய்கிறேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, "திருச்சியில் எந்தப் படிப்பு" என்று கேட்கிறீர்கள். "பணம் கட்டினால் எனக்கு மிக்ஸிங் டெஸ்க் முன்னால் எத்தனை மணி நேரம் கிடைக்கும்" என்று கேளுங்கள். அவர்களிடமே போய்க் கேளுங்கள். ஒரு பேட்சில் 30 பேர், ஒரே ஸ்டுடியோ, தினமும் 2 மணி நேரம் பிராக்டிகல் என்று வையுங்கள். 120 நிமிடத்தை 30 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 4 நிமிடம். வருடத்தில் 200 நாள் வகுப்பு நடந்தாலும் 800 நிமிடம், பதின்மூன்றேகால் மணி நேரம் போல. மேலே இஎம்ஐ தம்பி சொன்ன 3,30,400ஐ இதால் வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய். இந்தக் காசுக்குச் சென்னையில் நல்ல ஸ்டுடியோவையே வாடகைக்கு எடுத்து, இன்ஜினியரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பேட்சில் 6 பேர்தான், இரவிலும் ரூம் திறந்திருக்கும் என்றால் கணக்கு மாறும், அப்படிப்பட்ட இடங்களும் இருக்கின்றன, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை.

அடுத்து, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவில்லை. மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகளான புனே எஃப்டிஐஐயிலும் கொல்கத்தா சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட்டிலும் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்புக்கு மூன்று வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கேட்கிற தகுதி ஏதாவது ஒரு டிகிரி, பிளஸ் டூவில் இயற்பியல். நீங்கள் பி.இ., அப்படியென்றால் இரண்டும் இருக்கிறது. எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். வகுப்புக்குப் பத்துச் சொச்சம் பேர்தான் எடுப்பார்கள், அதனால்தான் அங்கே டெஸ்க் நேரம் கிடைக்கிறது, அதனால்தான் நுழைவதும் கஷ்டம். ரசூல் பூக்குட்டி 1995இல் எஃப்டிஐஐயில் முடித்தவர், 2009இல் ஆஸ்கர் வாங்கினார், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. பேர் வாங்காமல் எங்கள் பக்கத்து ரூம்களில் உட்கார்ந்து நல்ல வேலை செய்கிற பழைய மாணவர்களும் நிறைய. இது உள்ளூர் இல்லைதான். ஆனால் இந்த வருடம் அம்மாவோடு இருந்துகொண்டே தேர்வுக்குத் தயாராகலாமே, ஒரு வருடம் வீணாகாது.

சென்னை தரமணியில் இருக்கிற அரசு எம்ஜிஆர் திரைப்பட நிறுவனத்தைப் பலரும் சொல்வார்கள். நல்ல இடம், கட்டணமும் குறைவு, ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்கு வருட இளநிலைப் படிப்பு, வயது வரம்பும் உண்டு. இன்னொரு முறை நான்கு வருடம் உட்காரப் பொறுமை இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏ.ஆர்.ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் ஆடியோ பக்கமும் படிப்பு உண்டு, இசை தெரிந்து பாட்டு ரெக்கார்டிங் பக்கம் போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் எதற்கும் ராக்போர்ட் பிடித்துச் சென்னை வந்துதான் ஆகணும்.

சரி, என் வேலை என்ன என்றும் சொல்கிறேன், ஏனென்றால் "சவுண்ட்" என்றால் நிறையப் பேருக்குப் பாட்டு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு முதன்முதலில் கொடுத்த படச்சுருள் பகுதியில் ஒரு அப்பாவும் மகளும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், லொகேஷனில் பதிவு செய்த சத்தம், அப்படியே படத்துக்குப் போக வேண்டியது. நடுவில் தெருவில் ஒரு டிவிஎஸ் 50 போகிறது. மகளின் குளோசப்பில் வண்டி இருக்கிறது, கட் ஆகி அப்பா வரும்போது வண்டி இல்லை, திரும்ப மகள், திரும்ப வண்டி. பார்க்கிறவனுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று தெரியாது. வேறு டேக்கில் இருந்து அதே வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து உதட்டசைவுக்கு ஒட்ட வைத்து, ஆள் பேசாத நேரத்தின் வெறும் சத்தத்தை அடியில் நிரப்பி, அந்த ஒன்றரை நிமிடக் காட்சிக்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. சீனியர் கேட்டுவிட்டு "குயில் எங்கே?" என்றார். வண்டியோடு சேர்த்துக் குயிலையும் துடைத்துவிட்டேன்! அந்தக் குயில்தான் அது கிராமம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதைப் பழக உங்களுக்குச் செலவே இல்லை. ரீப்பரை 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். புரோ டூல்ஸ் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக் வரும், பட்டன்களைப் பழக அது போதும், இங்கே ஸ்டுடியோக்களில் அதுதான் ஓடுகிறது. டாவின்சி ரிசால்வ் என்கிற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பிலும் ஆடியோ பக்கம் இருக்கிறது. உங்கள் தெருவில் நண்பர்கள் யாராவது குறும்படம் எடுப்பார்கள், சவுண்டைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள், நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து எடுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தம் பதிவு செய்யுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

திருச்சி வானொலி நிலையம் 1939இலிருந்து இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ். தற்காலிக வேலைக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும், கண் வைத்திருங்கள். கல்லூரிகள் நடத்துகிற சமுதாய வானொலியிலும் போய்க் கேளுங்கள், அங்கே எப்போதும் ஆள் போதாது.

பெண்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இரவு நேரம், வீட்டுக்குத் திரும்புவது பற்றி எல்லாம் எனக்குத் தனியாக எழுதுங்கள், பொதுவில் பேச விருப்பமில்லை.

பெங்களூர்_டிஎஸ்பி:

யாருமே சொல்லாத ஒரு வழி. நீங்கள் இசிஇ, சிக்னல் பிராசஸிங் பேப்பர் எழுதியிருப்பீர்கள். டால்பி, ஹார்மன் போன்ற கம்பெனிகளுக்கு பெங்களூரிலேயே அலுவலகம் இருக்கிறது, அங்கே வேலை செய்கிறவர்களில் மிக்ஸர் தொட்டவர்கள் குறைவு, ஃபோரியர் (சிக்னல் கணக்கு) தொட்டவர்கள்தான் அதிகம். கேட் (GATE) தேர்வு எழுதி எம்.டெக். போகலாம். அதற்கு முன்னால் பிடிக்கிறதா என்று பார்க்க, பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து கோர்செராவில் போட்டிருக்கும் இசைக்கான ஆடியோ சிக்னல் பிராசஸிங் பாடத்தைப் பாருங்கள். அந்த பார்சிலோனா குழு கர்நாடக சங்கீதத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்தது, ஐஐடி மெட்ராஸும் அதில் பங்கெடுத்தது. ஆனால் ஒன்று, உங்களுக்குப் பிடித்தது மேடைப் பக்கத்தில் நிற்பது என்றால் இந்த வேலை உங்களுக்கு ஆபீஸ் வேலைதான், ஏமாந்துபோகாதீர்கள்.

திருவெறும்பூர்_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதைப் பிரிண்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன், அவர் பேனாவால் அந்த வகுத்தல் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று இரண்டு பேருமாக அந்த இடத்துக்குப் போனோம். பேட்சுக்கு எத்தனை பேர் என்றேன், "அது டிமாண்டைப் பொறுத்தது சார்" என்றார்கள். ஸ்டுடியோ பார்க்கலாமா என்றேன். ஏசி போட்ட அழகான அறை, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச், பெரிய மிக்ஸர் மேலே வெல்வெட் துணி. துணியை எடுக்கச் சொன்னேன். ஃபேடர் நடுவிலெல்லாம் தூசி, ஒரு பக்கம் யாரோ வைத்த டீ கிளாஸ் வட்டம். ஒரு மைக்கைச் செருகிக் காட்டுங்கள் என்றதும் கவுன்சிலர் மேடம் "ஃபேகல்டி சென்னையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார்" என்றார். ரசீது மாதிரி கேட்டோம், 18 சதவீதம் அச்சாகவே இருந்தது. வெளியே வந்ததும் அப்பா, "பாய்லர் பிளான்ட்டில் ஒரு லேத் மேல் இவ்வளவு தூசி இருந்தால் ஃபோர்மேன் எங்களைத் தொலைத்திருப்பார்" என்றார்.

எஃப்டிஐஐக்குத் தயாராகலாம் என்று இருக்கிறேன். கிடைக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, தெரியும். அதுவரைக்கும், லால்குடி அண்ணா, கேபிள் சுருட்ட ஆள் எடுக்கிறீர்களா? வீட்டில் அம்மாவுக்கு மாலை மருந்து 8 மணிக்கு, என் சொந்த அக்கா வாரக் கடைசியில் வந்துவிடுவாள், அதனால் சனி, ஞாயிறு முழுக்க வர முடியும். சம்பளம் வேண்டாம்.

லால்குடி_ஒலிபெருக்கி:

சம்பளம் வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள் தம்பி, எங்கள் தொழிலே அப்படித்தான் கெட்டது. முதல் மாதம் சாப்பாடும் பஸ் காசும், அப்புறம் பையன்களுக்குக் கொடுக்கிற பேட்டா.

தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அன்பில் பக்கம் ஒரு கோயில் கச்சேரி, வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம். மதியம் 3 மணிக்கு வண்டி கிளம்பும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், ஈரத் தரையில் ஜெனரேட்டர் வயர் ஓடும். டெஸ்டர், இன்சுலேஷன் டேப் உங்களுடையதாக இருக்கட்டும், கடன் கொடுத்தால் எனக்குத் திரும்பி வருவதில்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும்தானே? எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள் ஒரு பன்னிரண்டு அறுந்து கிடக்கிறது. பின் 1 எர்த், 2 ஹாட், 3 கோல்டு. மாற்றி வைத்தீர்களென்றால் மிருதங்க வித்வானிடம் நீங்களே போய்ப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.